வெள்ளரிக்காய் கசந்த கதை

பொம்மிடி ரயிலடியில் விற்க வெள்ளரிக்காய்க் கூடையோடு கிளம்பிய ஞானமேரி, மூன்று நாளாய்ப் பேசாத கணவனுக்குக் காலண்டர் தாளில் எழுதி வைத்தாள்.

"எங்கண்ணன் முன்னால உங்க தோட்டத்துக் காய் கசக்குதுன்னு சொன்னது என் தப்புங்க. காம்புப் பக்கம் வெட்டித் தேய்க்காமலே கடிச்சிட்டேன். இன்னிக்கு நுரை வர்ற வரைக்கும் தேய்ச்சேன், நாலு தின்னுட்டேன். சட்டியில அரிஞ்சு வெச்சிருக்கேன். உப்பும் மிளகாத்தூளும் திங்கும்போது தூவுங்க, முன்னாடியே போட்டா தண்ணி விட்டுக்கும். சூடு தணியும், உங்க நீர்க்கடுப்பும் விடும்."

தாள் முடிந்துவிட்டது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்: "ரயிலடியில உங்க பேரைச் சொல்லித்தான் கூவப் போறேன்."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வாயால் சொல்லாத பேர். எதற்கும் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.

"சின்னப்பன் வெள்ளரி."

சிரிப்பு அடங்காமலே கூடையைத் தூக்கினாள்.