அந்தப் பெட்டி பழுதாகவில்லை

அன்பு மச்சான் ஜூட்,

கருவி செய்கிறவர்களுக்காக நீ தொடங்கி வைத்த ஒன்றுகூடல் போன சனிக்கிழமை நாவற்குடாவில் நடந்தது. இந்த வருசம் வேண்டாம் என்றுதான் நான் இருந்தேன், மாணவப் பிள்ளைகள் விடவில்லை. அதே பள்ளிக்கூட மண்டபம், நீ திட்டித் தீர்த்த அதே கதிரைகள். பிரதம விருந்தினர் இல்லை, பொன்னாடை இல்லை. காலையில் வெறும் பலகையை வைத்தோம், பேச விரும்பியவர்கள் தலைப்பைத் தாளில் எழுதி ஒட்டினார்கள். மாலை போடாமல் மட்டக்களப்பில் ஒரு கூட்டமா என்று உன்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் இரண்டு பேர் இம்முறை தாள் ஒட்டியிருந்தார்கள்.

ஏறாவூரிலிருந்து வரும் மாணவி றிஸ்னாவின் தாளை இரண்டு தரம் வாசித்தேன். "ஜூட் அண்ணாவின் பெட்டி ஏன் பழுதானது? மலிவுப் பற்றரி தரும் பாடம்" என்று எழுதியிருந்தாள்.

அவளில் என்ன குற்றம்? ஊரே அப்படித்தான் நம்புகிறது. வாவிக்குள் நட்ட கம்பத்தில் நீயும் நானும் கட்டிய பெட்டி, தண்ணீர் ஏறினால் தோணிக்காரர்களின் போனுக்குச் செய்தி அனுப்ப வேண்டியது. அந்த மழை நாளில் அது ஒன்றுமே அனுப்பவில்லை. பற்றரி செத்துவிட்டது என்று நினைத்து, புதியதைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு நீ தோணியில் போனாய். தோணி மட்டும்தான் திரும்பிக் கரை ஒதுங்கியது.

நாலாம் நாள் பெட்டியைக் கழற்றியவன் நான். உள்ளே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மச்சான். பற்றரியில் பாதிக்கு மேல் இருந்தது.

அந்த மழை நாளுக்கு ஒரு கிழமைக்கு முன் தோணிக்கார ஞானமுத்து அண்ணன் என்னை இறங்குதுறையில் மறித்தார். "இஞ்ச மனே, ஒரு சாண் தண்ணி ஏறினாலும் உங்கட பெட்டி கத்துது. நாங்க வலையப் பார்க்கிறதா, போனப் பார்க்கிறதா?" என்றார். நியாயம்தானே என்று வீட்டில் இருந்தபடியே எச்சரிக்கை அளவை இரண்டு அடி உயர்த்திவிட்டேன். எதை மாற்றினாலும் கொப்பியில் எழுதி மற்றவனுக்குச் சொல்ல வேண்டும் என்பது நாம் இருவரும் போட்டுக்கொண்ட ஒரே சட்டம். நான் எழுதவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன், பிறகு மறந்தே போனேன். அன்று தண்ணீர் நான் வைத்த அளவைத் தொடவில்லை. பெட்டி நான் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தது.

போவதற்கு முன் எனக்கு இரண்டு தரம் அழைப்பு எடுத்திருந்தாய். மழைக்குள் மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தேன், பிறகு எடுப்போம் என்று விட்டுவிட்டேன். என்ன கேட்க எடுத்தாய்? அளவை மாற்றினாயா என்றா?

செத்தவீட்டில் யாரோ "மலிவுச் சாமான் போட்டா இப்படித்தான்" என்றார்கள். நான் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பயம். அதற்கு வேறு பெயர் கிடையாது.

சனிக்கிழமை ஒரு தாளை எடுத்து றிஸ்னாவின் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினேன்: "பெட்டி பழுதாகவில்லை. அளவை மாற்றியவன் நான். கதிர்." என் முறை வந்தபோது அறை நிறைந்துவிட்டது. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பிடிக்காதவர் எழுந்து போகலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது என்பது ஒன்றுகூடலுக்கு நீ வைத்த விதி அல்லவா, மூன்று பேர் எழுந்து போனார்கள். றிஸ்னா தன் தாளைக் கிழித்துக் கையில் கசக்கி வைத்துக்கொண்டு அழுதாள். உன் ஜெனிற்றா அக்கா வழக்கம்போல மதியச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு வந்திருந்தா. அவ கடைசிக் கதிரையில் முடியும்வரை இருந்தா.

பிறகு தண்ணீர்க் குழாயடிக்கு வந்தா. கன்னத்தில் ஒன்று விழும் என்று நின்றேன், விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கதிர், அண்டைக்கு அவன் போகக்குள்ள நான் என்ன சொன்ன எண்டு தெரியுமா? நீ செய்யிற சாமான் ஒண்டாவது ஒழுங்கா ஓடியிருக்கா எண்டு ஏசின நான். அதக் கேட்டுப்போட்டுத்தான் அவன் பற்றரியத் தூக்கின. பெட்டி பழுதுதானே, நான் சொன்னது சரிதானே எண்டு இவ்வளவு நாளும் மனசத் தேத்திக்கிட்டு இருந்த நான். இப்ப அதுவும் இல்ல."

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்தேனே, அவவின் தலையில் அல்லவா ஏற்றி வைத்தேன்.

போகும்போது ஒன்று சொன்னா. "அம்மாட்ட நீதான் வந்து சொல்லணும். எனக்கு ஏலா."

அடுத்த நாளே போனேன். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து உன் அம்மா என்னை உன் இடத்தில் இருத்தித்தான் சோறு போடுறா. "வா மகன், மீன் ஆறிப்போகுது" என்றா. ஜெனிற்றா அக்கா குசினிக் கதவில் நின்று என்னையே பார்த்தா. நான் சாப்பிட்டேன், ஜூட். இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

என்னை எனக்குத் தெரியும். விட்டால் இப்படியே வருசக்கணக்காகச் சாப்பிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதிப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். வருகிற ஞாயிறு இது அச்சில் வரும். அம்மா கோயிலால் வரும் வழியில் பேப்பர் வாங்குவா என்பது உனக்கும் தெரியும்.

அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, நான் அம்மாவுக்கு முன்னால் நிற்பேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். உங்கள் மகன் செய்த வேலை சரியாக இருந்தது, பிழை என்னுடையது என்று சொல்வேன். இந்த முறை அவ சோற்றைப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். இது உனக்குத் தரும் வாக்கு.

உன் மச்சான் என்று எழுத இன்னும் துணிகிற,
கதிர்