பதினாலு கேஜ் கம்பி

12.6.95 திங்கள்
காலையிலிருந்தே காற்று. கண் நிறையக் கரிசல் புழுதி. கழுகுமலை ரோட்டில் தீக்குச்சி வெட்டும் ஆலை, வயரிங் சோதனை. கூடுதல் மின்சாரம் கேட்டிருக்கிறார்கள். லைசென்ஸ் உள்ளவன் கையெழுத்து வேண்டும்.

வெட்டு மெஷின் மோட்டாருக்கு எர்த் கம்பி 14 கேஜ். முனையில் துரு வேறு. கணக்குப் போட்டேன். ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியர். பியூஸ் போக 0.4 செகண்ட். தாங்க 12½ ச.மி.மீ. கனம் வேண்டும், அதாவது 8 கேஜ். இருப்பது மூன்றே கால். பியூஸ் போகுமுன் கம்பி எரிந்து அறும். அப்புறம் மோட்டாரின் இரும்பு முழுக்கக் கரண்ட்.

மெஷினில் நிற்கும் பேச்சியம்மாள் காலடியில் சாக்கு. "தொட்டா சுர்ருங்குது சார். மேனேஜர்ட்ட சொன்னா அவிய சிரிக்காவ."

மேனேஜர்: "எட்டு வருசமா ஓடுது அண்ணாச்சி. இப்பம் என்ன புதுசா?"

'8 கேஜ் மாற்றும்வரை மெஷினை ஓட்டக்கூடாது' என்று எழுதி அவரிடம் கொடுத்தேன். நகல் என்னிடம். சான்று தரவில்லை. கிளம்பும்போதும் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

16.6 வெள்ளி
வாங்க: இன்சுலேஷன் டேப், வற்றல், கடம்பூர் போளி (மகளுக்கு).

சுந்தரராஜ் சான்று கொடுத்துவிட்டானாம், ஆலைக்குள் போகாமலே. என்னோடு ஐ.டி.ஐ. படித்தவன், அவனும் லைசென்ஸ்காரன். பஸ் ஸ்டாண்டில் பிடித்துக் கேட்டேன்.

"ஊரு பூரா இப்பிடித்தாம்லே இருக்கு. ஒனக்கு மட்டும் என்ன?" சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

21.6 புதன்
பேச்சியம்மாள் செத்துப்போனாள். நேற்று மத்தியானம். மோட்டாருக்குள் ஷார்ட்.

காலையில் ஆலைக்கு ஓடினேன். அதற்குள் புது 8 கேஜ் கம்பி, பளபளவென்று. பழையது குச்சிக் கழிவில் கிடந்தது, நடுவில் உருகி அறுந்து. பியூஸ் போகவே இல்லையாம். என் கணக்கு ஒரு புள்ளி பிசகவில்லை. கெட்டிக்காரன். த்தூ.

மேனேஜர்: "ஈரக் கையோட தொட்டிருக்கா. நாம என்ன செய்ய?"



23.6 வெள்ளி
பேச்சியம்மாள் வீடு. புருஷன் முத்தையா, ஆடு மேய்ப்பவர். அறிக்கை நகலைக் கொடுத்தேன். போலீசில் கொடுங்கள், சாட்சிக்கு நான் வருகிறேன் என்றேன். அவருக்குப் படிப்பில்லை. வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"மெஷினை ஓட்டக்கூடாதுன்னா எழுதியிருக்கீய?"

"ஆமா."

"அவகிட்டச் சொன்னீயளா?"

மேனேஜரிடம் சொன்னேன் என்றேன்.