ரெண்டு நாக்கு சொன்னாத்தான் குறிஞ்சான்

என் ஆசை செல்லாக்கா,

நீ போனப்புறம் ரெண்டு மழைக்காலம் வந்து போயிடுச்சு. நம்ம வூட்டுக்குப் பின்னால இருக்கிற மலை இப்போ பாதிதான் மிச்சம். மேற்குப் பக்கத்தை ஜல்லியா உடைச்சு ஈசிஆர் பக்கம் அனுப்பிட்டாங்க. பொங்கல் கழிஞ்சா கிழக்குப் பக்கமும் வெடி வைக்கிறாங்களாம். அதுக்குள்ள ஒரு சிறுகுறிஞ்சான் கொடி கிடைச்சா, கிணத்தோரம் ஒரு துண்டு நட்டுக் காப்பாத்திடலாம்னு ஏறினேன்.

ஞாபகம் இருக்குதா உனக்கு? ஒரே ஜாடையில மூணு கொடி. வேலிப்பருத்தியைக் கிள்ளினா பால் வடியும், நாத்தமும் அடிக்கும். அதைச் சுலபமாக் கழிச்சிடுவோம். பெருங்குறிஞ்சான்தான் ஏய்க்கும். முத்தினா இலை அகலம். இளசுல சிறுகுறிஞ்சானோட கூடப்பிறந்தவ மாதிரி. அதனாலதான் இலையை மென்னுட்டு, முந்தானையில முடிஞ்சு வந்த சர்க்கரையை நாக்குல போடுவோம். இனிப்பே தெரியாம மண்ணு மாதிரி இருந்தா அது சிறுகுறிஞ்சான்.

என் நாக்கை மட்டும் நீ நம்பினதே இல்ல. "உனுக்கு ஆசை வந்துட்டா சர்க்கரையும் மண்ணாயிடும்டி. இரு, நானும் பாக்குறேன்"னு மெல்லுவே. ரெண்டு நாக்கும் ஒண்ணு சொன்னாத்தான் பறிப்போம்.

போன வாரம் பாறை இடுக்குல ஒரு கொடி. எதிரெதிரா சின்ன இலை, தொட்டா மெத்துனு இருந்துச்சு. மென்னேன், சர்க்கரை போட்டேன். மண்ணுதான். கண்ணு கலங்கிடுச்சு. பாதி வழி இறங்கினப்புறம்தான் உறைச்சது. போன வருஷக் காய்ச்சலுக்கு அப்புறம் எனக்குப் பாயசமும் மண்ணுதானே?

என் பேத்தி படூர்ல காலேஜ் படிக்கிறா. நம்ம குடும்பத்துல முதல் பட்டம் அவதான் வாங்கப்போறா. அவளை இழுத்துக்கினு திரும்ப ஏறி, அந்த இலையை மெல்ல வெச்சு நாக்குல சர்க்கரை போட்டேன்.

"இன்னாடி, மண்ணு மாதிரி இருக்குதா?"

"இல்ல ஆயா. நல்லாத்தான் இனிக்குது."

"இன்னொரு இலை மென்னு பாரு."

"ஆடா நானு? எத்தினி மென்னாலும் இனிக்கத்தான் செய்யுது. வா, போலாம்."

அது பெருங்குறிஞ்சான்தான். வேற கொடி எதுவும் கண்ணுல படலக்கா. நீ இருந்தா கிண்டலாவது பண்ணியிருப்பே. இனி யார் நாக்கைக் கேட்டு இன்னா ஆகப்போவுது?

மாமல்லபுரத்துலேருந்து இன்னமும் சர்க்கரை வியாதிக்குன்னு இலை கேட்டு வராங்க. "அந்தப் பெருசையே குடு, யாருக்குத் தெரியும்"னு பக்கத்து வூட்டுக்காரி சொல்றா. எனக்குத் தெரியுமே. அஞ்சாவதுதான் படிச்சேன், ஆனா கொடி விஷயத்துல நம்ம ரெண்டு பேர் பேச்சு பிசகினதில்ல. வர்றவங்ககிட்ட 'இல்ல, போயிடுச்சு'ன்னுதான் சொல்லுவேன். வேற ஒரு இலையைக் காட்டி குறிஞ்சான்னு சொல்ல எனக்கு வாய் வராது. உனக்கு நான் தர்ற வாக்கு இது.

தனி நாக்கா நின்னுட்ட உன் ஓரகத்தி,
சரசு