இலவச அறைக்கு ஒரு ஜோடி

மாஜி மனைவியாருக்கு,

எவரும் நம்பாத கதையொன்றைச் சத்தியம் செய்து எழுதுகிறேன்.

லாஸ் வேகாஸில் பிள்ளைகளுக்கு இலவச ஓட்டல் அறை கிடைக்குமென்று, விவாகரத்தான நாமிருவரும் தம்பதியாக நடித்து, விடுமுறை வீடு விற்பவனின் பேச்சைக் கேட்டோமல்லவா? ஜோடியாக வந்து அவன் விற்பனைப் பேச்சைக் கேட்பவர்களுக்குத்தான் அறை இலவசமாம். அங்கே நீ என்னைத் திட்டிய சூட்டில் பாலைவனமே வியர்த்தது. சூதாட்ட இயந்திரங்கள் மிரண்டு காசைக் கக்கின.

"நெஜமாவே புருஷன் பொண்டாட்டிதானா?" என்று அவன் சந்தேகப்பட்டான்.

"இல்லேன்னா இந்த மூஞ்சிய எவ சகிச்சுப்பா?" என்றாய். உடனே அறைச்சீட்டைக் கொடுத்துவிட்டான்.

சாவி வாங்கவும் ஜோடியாக நிற்க வேண்டுமாம். "உன்கூட நிக்கறதுக்குக் கழுதகூட நிப்பேன்" என்று போனில் கத்துகிறாய். பிள்ளைகள் பெட்டி கட்டிவிட்டார்கள், ராட்சசி, வந்து தொலை.

அன்று நான் ஆடியதெல்லாம் நடிப்புதான். அவனிடம், "ஆமாய்யா, என் பொண்டாட்டி" என்று சொன்னது மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உன் பழைய தலைவலி