தாமரைக்குள் போன பெயிண்ட் கறை

என் சாந்தா அக்காவுக்கு,

உன் மகள் கவிதா காலேஜ் பிராஜெக்டில் தேறிவிட்டாள். முதலில் அதைக் கேட்டுக்கொள். அம்மன் கைவிடவில்லை.

பிராஜெக்ட் இதுதான்: ஒரே டவரிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு செல்போனுக்குப் பேச்சு போக வேண்டும். முதல் போனுக்குப் போவது இரண்டாவதற்கு இரைச்சல். ஆனால் அந்த இரைச்சல் என்னவென்று டவருக்கு முன்பே தெரியும், அனுப்புவதே அதுதானே? இவள் அதற்கு நேரெதிரானதை அனுப்பி அழிக்கப் பார்த்தாள். இருந்த சக்தியெல்லாம் அழிக்கவே தீர்ந்தது. வீட்டுக் கணக்கு எழுதுகிற எனக்கு அது உடனே விளங்கிற்று. அவள் காலேஜ் சார் பிராஜெக்டை ஏற்கவில்லை.

அதற்குள் ராயபுரத்திலிருந்து உன் அண்ணன் வந்து நின்றார். "பாஸ் ஆவலன்னா சித்திரையில கல்யாணம். மாப்ள ரெடியா கீறான், வசந்தா."

"ரெடின்னா குந்திகினு இருக்கட்டும்ண்ணா. பொண்ணு ரெடியில்ல."

அந்த வெள்ளிக்கிழமை நான் கோலம் போடுகையில் கவிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீ இருந்த நாளில், உன் வாசலில் தாமரைக் கோலம் இருந்தால் நீ கோயிலுக்குப் போயிருக்கிறாய், குழந்தையை நான் பார்க்க வேண்டும். வேறு கோலம் என்றால் வீட்டில் இருக்கிறாய். நம் ஏற்பாடு அவளுக்கும் நினைவிருக்கிறது. படகுக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்ட் கொட்டிய கறை அங்கே இருந்ததே, அதுவும்.

"அம்மா அந்தக் கறைய தேய்க்கவே இல்ல சின்னம்மா. அதுக்கு எத்தினியோ தாமரை தெரியும். கறை எதுல இதழா ஒக்காருமோ அதப் போட்டுச்சு. மிச்சத்துக்குத்தான் மாவு செலவு."

"கறை எங்க கீதுன்னு பாக்கிறவளுக்குத் தெரியாட்டி?"

"தெரிய வேணாம். எதெல்லாம் தாமரைன்னு தெரிஞ்சா போதும். ஒரு சேதிக்குப் பல உரு வெச்சிகினு, இரைச்சலுக்குக் கிட்ட இருக்கிறத எடுத்து, நடுவுல இருக்கிற வித்தியாசத்த மட்டும் அனுப்பணும். புத்தகத்துல படிச்சேன், இப்பத்தான் ஏறுது."

புரோகிராமைத் திருத்தி எழுதினாள். இரண்டாவது போனில் பேச்சு சுத்தமாக வந்தது. சார் கையெழுத்துப் போட்டார்.

மேலே படிக்கணும் என்கிறாள். நீ இருந்திருந்தால் வேறென்ன சொல்லியிருப்பாய்? அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்: சித்திரையில் கல்யாணம் இல்லை. அவளாக வாய் திறந்து கேட்கிறவரை மாப்பிள்ளைப் பேச்சோடு யார் வந்தாலும், நம் தெரு முனையிலேயே நான் நின்று திருப்பி அனுப்புவேன், அக்கா.

உன்னோடு பிறக்காத தங்கை,
எதிர்வீட்டு வசந்தா
திருவொற்றியூர்