சாவியைக் கொடுங்க சார்

நவ. 9, ஞாயிறு

டெல்லியில் இன்றும் வெயில் இல்லை. பத்து மணிக்கும் எதிர் ப்ளாக் தெரியவில்லை. கொடியில் போட்ட துணியெல்லாம் புகை நாற்றம், மறுபடி அலசினேன்.

மத்தியானம் பாலா வீட்டில் எங்கள் பேண்ட் பிராக்டிஸ். சத்தம் அடங்க டிரம்முக்குள் தலையணை. கீழ் வீட்டுப் பஞ்சாபிப் பாட்டையா சத்தம் போடாதது ஆச்சரியம். இந்தப் புகையைப் பற்றிய புதுப் பாட்டு ஒருவழியாகப் படிந்துவிட்டது:

வானத்தை எங்கே பூட்டினீங்க
சாவியைக் கொடுங்க சார்

ஆபீசில் தினமும் ‘சார்’ போடுகிற வாய். பாட்டிலாவது கத்திச் சொல்லட்டும்.

சுமதிக்கு இரவெல்லாம் இளைப்பு. டாக்டர் சொன்னபடி குளிர் முடியும்வரை திருநெல்வேலியில் அவள் அக்கா வீட்டில். டிக்கெட் 17ஆம் தேதிக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் மேடையில் பாடி அவள் கேட்டதில்லை. “அது பாட்டா, கொட்டகைக்குத் தகரம் அடிக்கியளா?” என்பாள். இன்று அவளே சொன்னாள்: “பதினாறாம் தேதி பாடுதியள்லா? கேட்டுட்டே போறேன்.”

நவ. 13, வியாழன்

காற்று ‘மிக மோசம்’. டீசல் ஜெனரேட்டருக்குத் தடை. 16ஆம் தேதி நிகழ்ச்சி நடக்கிற காலனி பார்க்கில் எங்கள் ஆம்ப்ளிஃபயருக்குப் போதுமான கரண்ட் கிடையாது. பாட்டில் நான் கேட்டதைத்தான் சர்க்கார் செய்திருக்கிறது. ஆனாலும் கோபம் வந்தது. நாளெல்லாம் ஒரு ஃபைலும் நகரவில்லை.

பால், இஞ்சி, சுமதிக்கு ஸ்வெட்டர் (ரயில் ஏசி).

நவ. 14, வெள்ளி

தமிழ்ச் சங்கச் செயலாளர் நடராஜன் சார் வீட்டில் கூட்டம். “ஜெனரேட்டரை மேடைக்குப் பின்னால வச்சு ஷாமியானாத் துணியால மூடிடலாம். யாருக்குத் தெரியப் போறது?” பாலா உடனே, “அச்சா ஐடியா சார். ஒரு மணி நேரம்தானே.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஊருக்கு உபதேசம் என்று நாலு பேர் சிரிப்பார்களே என்றேன். “நீ பாடற பாட்டை முதல்ல நாலு பேர் கேக்கணும், அப்பறம் சிரிக்கட்டும்” என்றார் சார். சரி என்றேன். சுமதி கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நவ. 16, ஞாயிறு

நல்ல கூட்டம். சுமதி முதல் வரிசை. மாஸ்க், நீலப் புடவை, கைக்குள் இன்ஹேலர். ஜெனரேட்டரைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. காற்று அசையவே இல்லை. மூடிய ஷாமியானாவுக்கு அடியிலிருந்து புகை தரையோடு தரையாக முன்வரிசைக்குப் போனது. மேடையிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

இரண்டாவது சரணத்தில் சுமதி எழுந்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட் பக்கம் போனாள். அந்த நேரம் பார்த்து ஜனம் மொத்தமும் “சாவியைக் கொடுங்க சார்” என்று கூடப் பாடியது. நான் நிறுத்தவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதை எழுதாமல் விட்டால் பொய். ஒன்ஸ்மோர் கேட்டார்கள். அதையும் பாடினேன்.

வீட்டில் நெபுலைசர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

நவ. 17, திங்கள்

லீவு. ஆட்டோ கிடைக்க அரைமணி. ஸ்டேஷனிலும் புகைமூட்டம், வண்டி லேட். அவளை சீட்டில் உட்காரவைத்துத் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், மாத்திரைப் பை எல்லாம் சரிபார்த்தேன்.

“பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. பாதிதான் கேட்டேன்” என்றாள்.

“ஜெனரேட்டர் வைக்க நாந்தான் சரின்னேன்.”

“தெரியும். பாலா வீட்டுக்காரி சொன்னா.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பாமலே, “சாம்பார்ப்பொடி சிவப்பு டப்பால இருக்கு.”

திரும்பி வந்ததும் நடராஜன் சார் போன். “பிரமாதம்ப்பா! லோதி ரோடு தமிழ்ச் சங்கத்துக்காரா அடுத்த ஞாயிறு கூப்பிடறா. அதே ஜெனரேட்டர்தான், பேசிட்டேன்.”

வரவில்லை என்றேன். ஏன் என்றார்.

“இனிமே சுமதிக்கு மூச்சு முட்டாத இடத்துலதான் பாடுவேன் சார்.”

“அப்படிப் பார்த்தா டெல்லில எங்கயுமே பாட முடியாதேப்பா.”

“ஆமா சார்” என்றேன்.