மரகதத்தைக் கொன்றது ஆற்றுக்காற்று அல்ல

போகக்கூடாத வயதில் போய்விட்ட என் மரகதத்துக்கு,

உன் ஆண்டுத் திதி சென்ற வாரம் முடிந்தது. வடை பாயசத்தோடு பந்தி போட்டார்கள். ரங்கூன் லான்மடாவில் நம் தெருத் தமிழர்கள் எல்லோரும் வந்து சாப்பிட்டுவிட்டு உன்னை நினைத்துக்கொண்டார்கள். இலை எடுத்த பிறகு வெற்றிலை மென்றபடி உன் புருஷன் கோவிந்தசாமி சொன்னது சமையல்கட்டில் இருந்த என் காதில் விழுந்தது.

"ஆத்துக்காத்து பட்டுப்போச்சுங்க. புள்ளத்தாச்சி சாம்பான் படகுல ஏறி ஊர் சுத்தினா வேற என்ன ஆவும்? சொன்னா கேக்கல. போயிட்டா."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட "அப்படியா?" என்று கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் நம்மூர்த் தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். தலையாட்டினவர்கள் படிக்கட்டும்.

நாம் அப்படி என்னடி ஊர் சுற்றினோம்?

கப்பலில் வந்து எங்களுக்குக் கீழ்மாடியில் குடியேறினாய். முன்னறைக்கு ஒரே ஒரு ஜன்னல். பின்னறைக்கு அதுவும் இல்லை. சமையலறைக் கதவைத் திறந்தால் பின்சந்தின் சாக்கடை நாற்றம். ஒருநாள் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். "ரங்கூனுக்கு வந்து ஆறு மாசமாச்சுக்கா. நான் இன்னும் ரங்கூனையே பாக்கலியே?"

அந்த வாரமே கிளம்பினோம். ஆம்பிளைகள் ஆபீசுக்குப் போனதும் சோறு வடித்துப் பாத்திரம் கழுவிவிட்டு டிராம் ஏறினோம். ஏரிக்கரையில் உட்கார்ந்து புளியோதரை தின்றோம். புத்தர் கோயில் பகோடாவின் படிகளில் பர்மாப் பெண்கள் பூவும் மெழுகுவத்தியும் விற்றுக்கொண்டு, சுருட்டுப் புகைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் சிரிப்பதை நீ வாய் பிளந்து பார்த்தாய். நம் வீட்டு வாசலில் பூ விற்கும் பர்மாக்காரி மா டின்னிடம் ஒரு சுருட்டு வாங்கி, ஒரே இழுப்பு இழுத்து, கண்ணில் தண்ணீர் வர இருமினாயே! மா டின் உன் முதுகைத் தட்டிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு ஆற்றுக்கு அக்கரையில் டாலா. சாம்பான்காரச் சிட்டகாங் கிழவரிடம் அரைகுறை இந்துஸ்தானியில் நீ பேரம் பேசின அழகு! எனக்குப் பயம், படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றிருந்தேன். நீ கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே வந்தாய். அக்கரையில் மூங்கில் குழாயில் வெந்த சோறு வாங்கி, பட்டை உரிப்பதுபோல் உரித்துத் தின்றோம். வயல் வரப்பில் நடந்தோம். விளக்கு வைக்கும் முன்னே வீடு திரும்பிவிட்டோம். இவ்வளவுதான். இதற்குப் பெயர் ஊர் சுற்றுவதாம். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சீட்டாடப் போனால் அதற்குப் பெயர் என்ன?

உனக்கு எட்டாம் மாசம் நடக்கும்போது ஒருநாள் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் போனோம். அங்கே நர்ஸ் எஸ்தர் இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், வேதக்காரி. உன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "தல மேலயே இருக்கு. புள்ள இன்னும் திரும்பல கேட்டியா. வலி எடுத்த உடனே இங்க வந்துரணும். வீட்ல வச்சிப் பாக்கப்பிடாது" என்றாள். திரும்பும் வழியில் டிராமில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். "அக்கா, நான் இங்கதான் பெத்துக்குவேன். ஜன்னல் எவ்ளோ பெருசா இருக்கு பாத்தியா?"

அடுத்த முறை டாலாத் துறையில் கோவிந்தசாமியின் ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் நம்மைப் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே செய்தி போய்விட்டது. மறுநாளிலிருந்து அவன் வெளியே பூட்டுப் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போனான். மரமல்ல, மாடல்ல, மாசமான மனுஷி. பூட்டு!

மரகதம், உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. சொல்லிவிடுகிறேன். சாம்பான்காரரிடம் அப்படி வாயாடினவள், கட்டினவனிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாதா? "ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று சத்தம் போட்டிருக்கக் கூடாதா? பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்று அழுதபோது, நீ அந்தப் பக்கம் நின்று சிரித்தாய். "விடுக்கா. புள்ள பொறந்தா எல்லாம் சரியாயிடும்." எது சரியாயிற்று?

வலி விடியற்காலையில் எடுத்தது. அவன் தன் சாதிக்காரக் கிழவி ஒருத்தியை மருத்துவம் பார்க்கக் கொண்டுவந்து வைத்தான். உச்சிவேளைக்குள் உன் சத்தம் அலறலாயிருந்தது முனகலாகிவிட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. மா டின்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் எஸ்தரைக் கூட்டிவந்தேன். பையோடு படியேறி வந்தாள். கோவிந்தசாமி வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, வழி விடுங்க. புள்ள திரும்பாம இருக்கு" என்றேன்.

"வேதக்காரி கை என் பொண்டாட்டி மேல படக்கூடாது. நீங்க கெடுத்தது போதும், மேல போங்க."

"ஐயா, ரெண்டு உசிரு" என்றாள் எஸ்தர். அவன் அவள் முகத்தையே பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். "அடுத்த வூட்டு விவகாரம், வா." நான் போகவில்லை. எஸ்தரும் போகவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் படியில் உட்கார்ந்துதான் உன் முனகல் தேய்வதைக் கேட்டோம். பொழுது சாய்கிற நேரத்தில் கிழவியே வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "என் கைய மீறிப்போச்சு. அந்த நர்சம்மாவ வுடுங்க."

அப்போதுதான் அவன் கை இறங்கியது.

எஸ்தர் குழந்தையைக் காப்பாற்றினாள். உன்னைக் காப்பாற்ற உன்னிடம் ரத்தம் மிச்சமில்லை. ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள் எந்த ஆற்றுக்காற்றடி வந்தது?

உன் மகளுக்குப் பால் வேண்டுமே. மா டின்னுக்கு அப்போது கைக்குழந்தை. தன் பிள்ளையை ஒரு பக்கமும் உன் பிள்ளையை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு கொடுத்தாள். கோவிந்தசாமி பார்த்தும் பார்க்காததுபோல் ஆபீசுக்குப் போனான். எஸ்தர் கை ஆகாது, மா டின் பால் மட்டும் ஆகும். அது எந்த சாஸ்திரம்? மற்ற வேளையெல்லாம் குழந்தை என்னிடம். தூங்க மட்டும் கீழே போவாள். அதுவும் போகப்போக நின்றுபோயிற்று.

திதியன்று உன்னைப் பற்றிச் சொல்லி முடித்த கையோடு அவன் இன்னொன்றும் சொன்னான். ஊரில் பெண் பார்த்திருக்கிறார்களாம். முகூர்த்தம் குறித்தாயிற்றாம். குழந்தையை அடுத்த கப்பலில் போகிற யாரோ ஒரு குடும்பத்தோடு தன் அம்மாவிடம் அனுப்பிவிடப் போகிறானாம்.

கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்த கூடத்துக்குள் போனேன். என் இடுப்பில் உன் மகள். "அவ வெளிய போனதால சாவல தம்பி. வெளிய விடாததால செத்தா. அன்னிக்கு வாசல மறிச்சது யாருன்னு இங்க எல்லாருக்கும் சொல்லுங்க. சொல்லிட்டு அப்பறம் புள்ளய அனுப்புங்க" என்றேன்.

ஒருவர் தொண்டையைக் கனைத்தார். ஒருவர் செருப்பைத் தேடினார். "பொம்பள சபையில பேசறதா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். கோவிந்தசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினான்.

இரண்டு நாள் கழித்து உன் மகளின் துணிமணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி எங்கள் வாசலில் வைத்தான். "நீங்களே வச்சிக்கிங்க. வர்றவளுக்கும் தொந்தரவு இல்ல" என்றான். படியிறங்கிப் போய்விட்டான். குழந்தையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நான் ஜெயித்தேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் எங்கே ஜெயித்தேன்? அவனுக்கு வேண்டாம், கொடுத்துவிட்டான். நீ உயிரைக் கொடுத்துப் பெற்றது அவனுக்குத் தொந்தரவு. அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு எரிகிறது.

அவள் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். எனக்குத் தமிழில் ஒரு சொல், மா டின்னுக்குப் பர்மாப் பேச்சில் ஒரு சொல் வைத்திருக்கிறாள். எஸ்தர் வந்தால் தாவிக்கொண்டு போகிறாள். எங்கள் வீட்டுக்காரர் தோளில் தூக்கிப்போய் வேடிக்கை காட்டுகிறார். நல்லதுதான். ஆனால் அன்று என் கையைப் பிடித்து இழுத்ததை நான் மறக்கவில்லை. அவருக்கும் அது தெரியும்.

மரகதம், ஒன்றுமட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இவள் வளர்ந்து, இவளுக்கும் ஒருநாள் இடுப்பு வலி வரும். அன்று நான் யாரிடமும் உத்தரவு கேட்க மாட்டேன். புருஷன் மறித்தாலும் சரி, ஊர் மறித்தாலும் சரி, வண்டி பிடித்து நானே கூட்டிப்போவேன். என் காலம் அதற்கு முன்னே முடிந்துவிட்டால், தானே எழுந்து போகிறவளாக இவளை வளர்த்துவிட்டுத்தான் சாவேன்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
உன் மகளுக்கு அம்மா,
செல்லம்மாள்